ரத்தம் எங்கே தேங்குகிறது?

எலியேசர்,
சாங்கோச்சோ சூப் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக் குடி. வெளிய போறப்ப சாவியை உன் அக்கா ஒபீலியாகிட்ட குடு. நான் பேக்கரிக்குக் கிளம்பிட்டேன்.

நேத்து நீ, "கையில அந்தக் கருத்தடைக் குச்சியை வச்சதுலேர்ந்து பீரியட்ஸே வரலையே, ரத்தமெல்லாம் உள்ளேயே தேங்குதா?"ன்னு கத்தினல்ல? அதான் காலையில கிளினிக்குக்கே போய்க் கேட்டுட்டேன். அந்தக் குச்சியில இருக்குற மருந்தால கர்ப்பப்பையோட உள்சவ்வு தடிக்கிறதே இல்லையாம். உதிர ஒண்ணுமில்லாதப்ப எது தேங்கும்? சிலருக்கு இப்படி நின்னுடும், சிலருக்குக் கண்ட நேரத்துல சொட்டுமாம். என்ன விசித்திரம் பாரு!

மரெல்விஸ்

சொல்ல மறந்துட்டேன்: நீ கத்தினதைச் சொன்னதும், "வீட்டுக்காரர் ரொம்பக் கோபக்காரரோ?"ன்னு நர்ஸ் கேட்டா. "அவருக்குக் கோபமில்ல, எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம்"னேன். சொன்னப்புறம்தான் எனக்கே அது புரிஞ்சுது.