போனை எடுக்காத டீச்சர்

அரியலூர்
8.6.2025

அன்புள்ள தேவயானிக்கு,

நலம்தானே? போனை எடுக்காத டீச்சரம்மாவுக்குக் கடுதாசிதான் சரிப்படும் என்று உன் பள்ளி முகவரிக்கே எழுதுகிறேன்.

சிமென்ட் ஆலை வாசலில் லாரிகளுக்குப் பாஸ் எழுதும் எனக்கு, ஆபீஸுக்குள் வேலை கிடைக்கலாம். 20ஆம் தேதி இன்டர்வியூ, இங்கிலீஷில். ‘சின்ஸ்’ எங்கே, ‘ஃபார்’ எங்கே என்று போன மாதம் கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதான்டி” என்றாய். நம்பி விண்ணப்பத்தில் எழுதினேன், மேனேஜர் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து கூப்பிடுகிறேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளிடம் இவ்வளவு திமிர் ஆகாது. இதற்கும் பதில் இல்லையென்றால் இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

ஜோதி


குன்னம்
12.6.2025

அன்பு ஜோதி,

திமிர் இல்லையடி, பயம். எனக்கே அது தெரியாது. பதினொரு வருஷமாகக் கைடைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் நடத்துகிறேன். பிள்ளைகள் ஏதாவது கேட்டால், “இதெல்லாம் பரீட்சைக்கு வராது, உக்காரு” என்று அதட்டிவிடுவேன். உன்னை அதட்ட முடியுமா? போனை எடுக்காமல் இருந்துவிட்டேன்.

உன் கடிதம் வந்ததும் இரண்டு இலக்கணப் புத்தகங்களைப் புரட்டினேன். ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்றால் ‘சின்ஸ்’. ‘மூன்று நாளாக’ என்றால் ‘ஃபார்’. இது நிச்சயம். எனக்குத் தெரியாது என்பதை யாரிடமும் சொல்லிவிடாதே. நீ இனி என்னோடு பேசுவாயோ மாட்டாயோ.

தேவயானி


அரியலூர்
21.6.2025

அடிப் பாவி தேவயானி!

அப்பாடா, உனக்கும் தெரியாதா! எனக்கு மட்டும்தான் மண்டையில் ஏறவில்லை என்று அழுதுகொண்டிருந்தேன்.

வேலை கிடைத்துவிட்டது! நாலு கேள்விக்குச் சமாளித்தேன். அஞ்சாவதற்கு முழித்தபோது உன் ஞாபகம் வந்தது. “ஐ டோன்ட் நோ சார். ஐ வில் லேர்ன்” என்றேன். “பரவால்லம்மா, கத்துக்கங்க” என்றார் மேனேஜர். நீயும் ஒரு நாள் சொல்லிப் பாரேன்.

அடுத்த ஞாயிறு கட்டாயம் வா. கோழிக் குழம்பு வைக்கிறேன்.

உன் ஜோதி


குன்னம்
24.6.2025

என் ஜோதிக்கு,

இன்று வகுப்பில் அபிநயா என்ற பெண் எழுந்து, “டீச்சர், ‘தி’ எங்க போடணும், எங்க போடக் கூடாது?” என்று கேட்டாள். “சரியாத் தெரியலம்மா. பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்” என்றேன். வகுப்பே சிரிக்கப் போகிறது என்று நின்றேன்.

“சரிங்க டீச்சர்” என்று உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதானடி! இதற்கா பதினொரு வருஷம் பயந்து செத்தேன்?

ஞாயிறு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு போன் பண்ணு. எடுக்கிறேன்.

தேவயானி