இரண்டு மருதாயிகளும் ஒரு நெடுந்தாளும்

அரவேணு,
14-7-1974

அன்பு மகன் தங்கையாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் அம்மாவும் இங்கே நலம், நீயும் மருமகளும் பேத்தியும் அங்கே நலமென்று உன் கையெழுத்தில் பார்த்தால் இன்னும் நலம். மழை விடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்தவில்லை. பாஸ்போர்ட் வந்துவிட்டது, கப்பலுக்குத்தான் தேதி வரவில்லை என்று எழுதியிருந்தாய். அதைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும், அதில் என் தப்பும் இருக்கிறது.

தோட்டத்தில் புது வீடுகள் இருபது முடிந்திருக்கின்றன. தகரக் கொட்டகையில் இருக்கும் குடும்பங்களோ முப்பத்தொன்று. சிலோனிலிருந்து முதலில் வந்திறங்கியவர்களுக்கு முதலில் வீடு என்று முடிவு. ஆபீசில் ஒரு நெடுந்தாளில் கட்டம் போட்டுக் குடும்பத் தலைவர் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் எழுதியிருந்தார்கள், இறங்கிய தேதிக் கட்டம் மட்டும் காலி. அந்தத் தேதிகள் ஊட்டி ஆபீசிலுள்ள பதிவேட்டில்தான் இருக்கின்றன. சிலோனில் கிளாக்கராக இருந்தவன் என்று என்னை அனுப்பினார்கள். பதிவேடு பாஸ்போர்ட் எண் வரிசையில் இருக்கிறது, பின்னால் பெயர் அட்டவணை. நான் அட்டவணையை நம்பிப் பெயர் பெயராகத் தேடி மூன்று நாளில் நிரப்பிக் கொண்டுவந்தேன்.

வியாழக்கிழமை ஆபீஸ் அதிகாரி மயில்சாமி வரிசையைத் தேதியோடு வாசித்தார். பக்கத்துக் கொட்டகை மருதாயி, புருஷனை இழந்து மூன்று பெண்களோடு இருப்பவள், நேரே என்னிடம் வந்தாள். “ஏன் கிளாக்கரையா, நீங்க இங்க வந்து நின்னப்ப மொதமொத தேத்தண்ணி ஊத்திக் குடுத்தது நாந்தானே? ஒங்க தாள்ல மட்டும் நான் போன தையில எறங்குனவளா?” என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பதிவேட்டில் இன்னொரு மருதாயி இருந்திருக்கிறாள். அவள் தேதியை இவளுக்கு எழுதி இருபத்தொன்பதாவது இடத்துக்குத் தள்ளிவிட்டேன்.

மயில்சாமியிடம் சொல்லத் தைரியமில்லை. ஆபீசில் ஜூடித் என்று ஒரு பெண், குன்னூர்க்காரி, நம் மருமகள் வயதுதான், அவளிடம் சொன்னேன். “ஏனுங்கையா, பேரை வெச்சுத் தேடுனா எத்தனை மருதாயி வருவாங்க? நம்பருக்கு ஒரே ஆளுதானுங்க” என்று சிரித்தாள், கோபிக்கவில்லை. அன்றே நம் தாளை எண் வரிசைப்படி புதிதாக எழுதினாள். மறுநாள் இருவரும் பஸ்ஸில் ஊட்டிக்குப் போனோம். தாளையும் பதிவேட்டையும் அருகருகே வைத்து, ஒரு விரல் இதில், ஒரு விரல் அதில், இரண்டும் மேலிருந்து கீழே ஒன்றாக இறங்கின, ஒருமுறைகூடப் பின்னால் புரட்டவில்லை. ஓர் எண் அகப்படாதபோது அடுத்ததை எடுத்துக்கொள்ளாமல் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதினாள். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் பதிவேட்டின் பக்கத்தையும் குறித்தாள், யார் சந்தேகப்பட்டாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாமாம். என் மூன்று நாள் வேலை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. முப்பது வருஷம் பேனா பிடித்த எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது, ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அத்தனை சந்தோஷம்.

மருதாயி ஒன்பதாவது இடத்துக்கு வந்தாள். அப்படியானால் இருபதாவது ஆள் இருபத்தொன்றுக்கு இறங்க வேண்டும் அல்லவா, அந்த இருபதாவது பெயர் நம்முடையது. ஜூடித்தின் பென்சில் அங்கே நின்றது. “ஐயா, இது உங்களுதுங்க” என்றாள். எழுதம்மா என்று கையைக் காட்டினேன். மயில்சாமியிடம் தப்பு என்னுடையது என்று நானே சொல்லிவிட்டேன், “இருக்கட்டுங்க, தீபாவளிக்குள்ள அடுத்த வீடுக முடிஞ்சுருமுங்க” என்றார். நாளை பட்டியல் ஒட்டுவார்கள். அம்மாதான் “எழுதத் தெரிஞ்ச மாப்பிள்ள, ஒழுகாத வீட்டுல வச்சிருப்பாருன்னு எங்கப்பா சொன்னாரு” என்றாள். சொல்லிவிட்டு, மருதாயியின் சாமான் தூக்க ஆள் கேட்கப் போயிருக்கிறாள்.

இனி உன் விஷயம். இங்கே சேர வேண்டியவர்களுக்கு ஜூடித் வேறொரு தாள் போட்டிருக்கிறாள். உன் பெயரைச் சொன்னேன், எழுதிவிட்டு நம்பர் என்ன என்று கேட்டாள். பெற்ற பிள்ளையின் எண் தெரியாமல் நின்றேன். குளிரில் வெளியே வரும்போது காதை மூடிக்கொள், குழந்தைக்குக் கம்பளி எடுத்து வை. உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசிகள், கடல் உங்களை அலைக்கழிக்காமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். இதைக் கண்டவுடன் பாஸ்போர்ட் எண்ணை எழுதியனுப்பு, இலக்கத்திலும் எழுத்திலும். வேறொரு தங்கையாவை இங்கே அனுப்பிவிட்டு உன்னை எங்கோ அனுப்பிவிடக் கூடாது. உன் கட்டம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
பரமசிவன்