நேரம் எழுதாத சிவப்பு அட்டை

இன்று பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போகும்போது, ரயிலில் மூக்குக்கண்ணாடிக்காகப் பையைத் துழாவினேன். கையில் வந்தது உங்கள் சிவப்பு அட்டை. மூலைகள் மடங்கிவிட்டன, காட்டுச் சேற்றின் கறை இன்னும் போகவில்லை.

நீங்கள் படையில் இருந்தபோது, நான்கு நாட்டு வீரர்களோடு கூட்டுப் பயிற்சி முடித்து நம் கிள்ளான் வீட்டுக்கு வந்தீர்கள். நான் தைப்பூச விரதத்தில் இருந்தேன். துவைக்க எடுத்த சட்டைப் பையில் இந்த அட்டை. உங்கள் பெயர், காலில் காயம், அதன் மேல் பெரிதாக 'இறந்தார்' என்று ஆங்கிலத்தில். உங்களை மறுபடி தலைக்குக் குளிக்கச் சொல்லி, திருநீறு பூசிவிட்டுத்தான் பேசவே விட்டேன்.

பயிற்சியில் காயம்பட்டவராகப் படுப்பவருக்கு நடுவர் கொடுக்கும் அட்டையாம். ஒரு நாட்டுக்காரர் ரத்தம் நிற்கக் காலில் பட்டையை இறுக்கிக் கட்டினார், வேறொரு நாட்டுக்காரர் தூக்கிப் போனார். கட்டிய நேரத்தை மற்றவர் எழுதுவார் என்று இருவருமே விட்டுவிட்டார்கள். கட்டிய நேரம் தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று நடுவர் உங்களைச் சாகடித்துவிட்டார்.

"கட்டு நல்லாத்தான் போட்டானுங்க. நேரத்தை எழுதல, அதான் நான் காலி. நீ எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆளு. நீ வந்திருந்தா பொழச்சிருப்பேன் லா."

தூக்கிப் போடச் சொன்னேன். நீங்களோ ஐஸ்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினீர்கள். சாமி அறைக்குத் தெரியாத பக்கமாக நான் நகர்த்தி வைத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலை, தோசைத் தட்டின் முன் உங்கள் வாய் ஒரு பக்கம் கோணியது. பேச்சு குழறியது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, கைக்கு எட்டிய அந்த அட்டையின் பின்பக்கம் 7.20 என்று எழுதினேன். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டர் முதலில் கேட்டதே, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்றுதான். நீட்டினேன். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், உங்களைப் பார்த்தார்.

"ஆன்டி, இதுல அங்கிள் செத்துட்டாருன்னு போட்டிருக்கே?"

பாதி வாயால் சிரித்தீர்கள். நேரம் தெரிந்ததால்தான் மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்க முடிந்தது என்றார் அவர். அதன்பிறகு நான்கு தைப்பூசம் என்னோடு நடந்தீர்கள்.

போன வருடம் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. அடுத்த அறையில் நான் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். வந்து பார்த்த டாக்டர் நேரம் கேட்டார். என்னிடம் இல்லை. நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

அட்டையைப் பேனாவோடு சேர்த்துப் பைக்குள் வைத்தேன். எதிர் இருக்கையில் ஒரு பெரியவர் கண்ணை மூடிச் சாய்ந்தார். தூக்கம்தான். இருந்தாலும் மணி பார்த்துக்கொண்டேன், பத்து ஐந்து.