உன் பெயரில் வந்த ரொட்டி

கொல்காபாத்தா,
ஜூன் மாதக் கடைசி.

அன்பு மகன் எலூத்தெரியோவுக்கு அப்பா எழுதுவது. மலைச்சாமி புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த பார்சிலோனாவில் அப்படியே இருக்க வேண்டும். உடம்புதான் நலம், மனசு நலமாக இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று போன் போட்டால், "வேலையா இருக்கேம்ப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது என்று நினைத்து எழுதுகிறேன். உன் சித்தி மகள் அங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த வருடக் குளிர்காலத்தில் பனி நன்றாக விழுகிறது, உருளைக்கிழங்கைப் பனியில் பரப்பி சுன்யோ போட்டிருக்கிறோம். ராத்திரியில் உறைந்த கிழங்கை விடிந்ததும் வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரை எடுக்க நானும் உன் அம்மாவும்தான். பக்கத்து வீட்டார் வந்து மிதித்துக் கொடுப்பார்கள், ஆனால் பதிலுக்கு நான் போய் அவர்கள் கிழங்கை மிதிக்க வேண்டுமே, என் முழங்கால் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. உன் ஓட்டலில் நீ சமைத்ததாக அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கறுப்புக் கல்லின் மேல் மூன்றே மூன்று சுன்யோ, பக்கத்தில் ஒரு பச்சைச் சொட்டு, அதற்கு நம் மலையின் பெயர் வேறு. வந்த விருந்தாளிக்கு மூன்று கிழங்கு வைத்தால் இங்கே காறித் துப்புவார்கள் தம்பி. உன் அம்மா என்னவோ படத்தைத் தடவித் தடவிப் பார்த்து, கல்லின் ஓரத்தில் தெரிவது உன் விரல்தான் என்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் வரும் நம் மாதா திருவிழாவை இந்தத் தடவை எடுத்து நடத்துகிறவன் சத்துர்னினோ, உன்னோடு பள்ளிக்கூடம் போனவன்தான். போன வாரம் நான் வயலில் இருந்த நேரம் பார்த்து, திருவிழாவுக்கு ஆள் அழைக்கும் ஹுர்க்கா ரொட்டி, வண்டிச் சக்கரம் போல ஒன்றை நெய்த துணியில் வைத்து, மேலே ஒரு சாராயப் பாட்டிலும் கோக்கா இலையுமாக வீட்டுக்கு வந்திருக்கிறான். ரொட்டி உன் பெயருக்கு. வக்கீல் ஆட்டத்தில் தலைமை வக்கீலாக நீ ஆட வேண்டுமாம். அந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டால் மாதாவுக்கே வாக்குக் கொடுத்த மாதிரி என்று உன் அம்மாவுக்குத் தெரியாதா? "அத்தே, பையன் வருவானா?" என்று கேட்டதற்கு, "வராம எங்க போவான், நான் சொல்றேன் வருவான்" என்று இரண்டு கையாலும் வாங்கி வைத்துவிட்டாள். நான் காலெல்லாம் விறைத்துப்போய் வந்து பார்த்தால், அடுப்படியில் வளரும் கூய் எலிகளுக்கு எட்டாமல் உத்தரத்தில் தொங்குகிறது ரொட்டி. யாரைக் கேட்டு வாங்கினாய் என்று கத்தினேன். "உங்களக் கேட்டா வாங்க விட்டிருப்பீங்களா?" என்றாள். அவளோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அன்றைக்குத்தான் மேட்டில் ஏறி உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "செப்டம்பர் சீசன்ப்பா, லீவு தர மாட்டாங்க. ஊர்ல வேற ஆளே இல்லையா?" என்றாய். நல்ல கேள்வி. எனக்கு வந்த கோபத்தில் அங்கே கிடந்த சுன்யோ மூட்டையைக்கூட மூடாமல் இறங்கி வந்தேன். பிய்க்காத ரொட்டியை ஞாயிறு பூசைக்குள் திருப்பிக் கொடுத்தால் பழி இல்லை. உத்தரத்திலிருந்து அதை அவிழ்த்து, அதே துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு சத்துர்னினோ வீட்டுக்குப் போனேன்.

அங்கே ஆட்டக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். சூடாக்கிய மண்ணுக்குள் புதைத்து வேகவைத்த கிழங்கைத் தோண்டி எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கும் கையில் நாலைந்து திணித்தார்கள். சுவரில் உயரத் தொப்பிகளும், சவுக்குகளும், அந்த நீள மூக்கு முகமூடிகளும் வரிசையாக மாட்டியிருந்தன. என் அப்பா காலத்தில் பண்ணையாரின் வக்கீல் ஒற்றைக் காகிதத்தைக் காட்டி நம் சரிவு நிலத்தைப் பிடுங்கிய கதை உனக்குத் தெரியும். நிலச் சீர்திருத்தத்தில் பண்ணையார் ஊரைவிட்டே போனார், வக்கீலின் மூக்கை மட்டும் நாம் கேலியாக ஆடித் தீர்க்க வைத்துக்கொண்டோம். நான் துணியை அவிழ்த்து ரொட்டியை நீட்டினேன். அவன் வருத்தப்படுவான், கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன மாமா, பரவாயில்ல. பக்கத்து ஊர்ல ஒருத்தன் இருக்கான். உங்க பையன் இனி பார்சிலோனாக்காரன்தான, அவனப் போயி தொந்தரவு பண்ணிக்கிட்டு" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மற்றவர்களும் தலையை ஆட்டிவிட்டுக் கிழங்கைத்தான் உரித்தார்கள். உன்னைப் பற்றி அத்தனை சுலபமாக ஒருத்தன் சொல்கிறான், ஒருத்தருக்கும் அது பெரிதாகப் படவில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை, நீட்டிய கையாலேயே ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். "மாமா!" என்று சத்துர்னினோ எழுந்தேவிட்டான். மென்று விழுங்கிவிட்டு, மீதியை ஆளுக்கொரு துண்டாக எல்லார் கையிலும் கொடுத்தேன்.

உன் அம்மாவுக்கு ஒரு துண்டு கொண்டுவந்து நீட்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தால், முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஆகவே எலூத்தெரியோ, வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்தவன் நான், ஆட வேண்டியவன் நீ. உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் கொஞ்சமில்லை, உன் அம்மா மேலும் கோபம், என் மேலும் கோபம். நீ வரவில்லை என்றால் மாதாவை ஏமாற்ற முடியாது, இந்த முழங்காலோடு அந்த மூக்கை மாட்டிக்கொண்டு நானே ஆடுவேன். ஊர் சிரிக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் உன் அம்மா ஆட்டத்தைப் பார்க்க மாட்டாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ் வரும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மாதாவும் மலைச்சாமியும் உன்னைக் காக்கட்டும். குளிரில் மார்பை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. முதலாளியிடம் இன்றைக்கே லீவு கேள்.

உன் அப்பா,
டியோனிசியோ