வானத்துக்குக் காசநோய்

லாபு தோட்டம், மேல் டிவிசன்
செப்டம்பர் 1986

அன்பு மகள் தமயந்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று மற்றக் கடிதங்களில் வழக்கத்துக்குக் கேட்பேன், இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன், ஏனென்றால் உனக்குக் காசநோய் என்றும் ஜப்பானில் ஏதோ மலைமேல் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்கிறாய் என்றும் தோட்டம் முழுக்க ஒரே பேச்சு. பதறாதே, உனக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். நோய் வந்திருப்பது நீ படம் பிடிக்கிற வானத்துக்குத்தான். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் அமிர்தலிங்கம்.

எல்லாம் நீ போன மாதம் அனுப்பிய அந்த வானத்துப் படப் பிலிமால் வந்த வினை. ரெம்பாவிலிருந்து வள்ளியம்மா என்று ஒரு அம்மாள் தன் மகனுக்கு உன்னைக் கேட்டு வந்திருந்தார். மகன் பெயர் குணாளன், அங்கே பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். என்னைக் கேட்காமல் யாரை வரச் சொன்னாய் என்று குதிக்காதே, நான் யாரையும் வரச் சொல்லவில்லை, உன் சின்ன மாமா வாய் சும்மா இருந்தால்தானே. அந்த அம்மாளிடம் கேள்விக்குப் பஞ்சமில்லை. பொண்ணு இன்ஜினியருக்குத்தானே போச்சு, ரேடியோ செய்யற ஃபேக்டரில வேலை கிடைக்கலையா என்றார். இல்லை, வானத்தில் நட்சத்திர மண்டலம் தேடுகிறாள் என்றேன். ஏன், காணாமப் போச்சா என்றார். நீ எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். மலைமேல் பெரிய தொலைநோக்கி வைத்துக் கண்ணாடித் தட்டில் வானத்தைப் படம் பிடிப்பார்கள், ஒவ்வொரு மண்டலமும் ஒரே தட்டில் மூன்று தடவை விழும், ஒரு தடவை சிவப்பு வெளிச்சத்தில், ஒரு தடவை பச்சையில், ஒரு தடவை நம் கண்ணுக்கே தெரியாத புற ஊதா வெளிச்சத்தில், எதற்குப் புற ஊதாவில் புள்ளி தூக்கலாக இருக்கிறதோ அங்கே புதிது புதிதாக நட்சத்திரம் பிறக்கிறது என்று அர்த்தம், அதைத் தேடி வட்டம் போடுவதுதான் என் மகள் வேலை என்று. ஓ, யார் வீட்டுல பிள்ளை பொறந்திருக்குன்னு எட்டிப் பாக்கற வேலையா, அதுக்கு ஜப்பான் போவணுமா, எங்க லயத்துல எல்லாரும் அதத்தான செய்யறாங்க என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால் உன் கடிதத்தை முதலில் படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று அந்தப் பிலிமை எடுத்துக் காட்டினேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மூன்று மூன்றாகக் கறுப்புப் புள்ளி, நடுநடுவே நீ சிவப்பு மையில் போட்ட வட்டம். அவர் முகம் அப்படியே மாறிப்போனது. வட்டம் போட்டது டாக்டரா என்று கேட்டார். என் மகளேதான் போட்டாள் என்று பெருமையாகச் சொன்னேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் வந்துரும் என்று எழுந்து போய்விட்டார். பஸ்ஸுக்குத்தான் அவசரம் என்று நான் நினைத்தேன், அவ்வளவு மக்கு நான். அவர் போனது டிரஸர் வீட்டுக்கு. டிரஸர் அவருக்குத் தூரத்துச் சொந்தமாம்.

மறுநாள் டிரஸர் ஆள் விட்டு அப்பாவை அந்தப் பிலிமோடு வரச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு அப்பாவிடம், எக்ஸ்ரேயில நெஞ்சு பூரா புள்ளி சன்னாசி, வட்டம் போட்ட எடமெல்லாம் முத்திப் போச்சு, அதான் மலைக்கு அனுப்பி வச்சிருக்காங்க என்று சொல்லியிருக்கிறார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாராம், அப்போதும் அதே நோயைத்தான் கண்டாராம், அந்த விஷயத்தில் மனுசன் தடுமாறவே இல்லை. கோடிக்கணக்கில் நட்சத்திரம் பிறக்கிற இடத்தைப் பார்த்து சளி முத்திவிட்டது என்று சொன்ன ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் டிரஸராகத்தான் இருப்பார், உன் புரொபசரிடம் மறக்காமல் சொல். நமக்குத்தான் காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதற்குப் போனாலும் ஒரே மாத்திரை கொடுக்கிறார், வானம் தப்பிக்குமா.

அதற்குப் பிறகு என் பாட்டைக் கேட்கவேண்டாம். காலையில் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றால் பேர் கூப்பிடுகிறவரே குரலைத் தாழ்த்திக் கூப்பிடுகிறார். மலைக் காத்து நல்லதுதான்க்கா, எத்தன பேருக்குக் கொணமாயிருக்கு என்று பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் நீ ஜப்பான் போனபோது வயிறெரிந்தவர்கள், இப்போது என்னமாய் உருகுகிறார்கள். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பரிதாபப்பட்டு எனக்கு மேடு இல்லாத நிரையில் ரப்பர் மரம் பால் வெட்டக் கொடுத்தார். அதை மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உன் அப்பா இருக்கிறாரே, சோற்றில் கை வைக்கவில்லை. அது நோய் இல்லை, வானம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். டிரஸர் படிச்சவரு என்றார். நம் மகள் டிரஸரைவிடப் படித்தவள், அவளே எழுதியிருக்கிறாள் பார் என்று கடிதத்தை நீட்டினேன். நோவு வந்தா புள்ள வீட்டுக்கு எழுதுமா என்று கேட்டுவிட்டு, நீலாய் டவுனுக்குப் போய் மீன் எண்ணெய் வாங்கிப் பார்சலில் போட்டுவிட்டு வந்தார். வந்து சேரும், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடு, நல்ல நுரையீரலுக்கும் அது கெடுதல் செய்யாது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் குணாளனே மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். அம்மாவுக்குத் தெரியாமல் வந்தானாம். பிலிமைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். அத்தை, நெஞ்சுன்னா ஒரு விலா எலும்பாச்சும் தெரிய வேணாமா, இது வானந்தான் என்றான். அப்பாவை மோட்டாரில் உட்கார வைத்து டிரஸர் வீட்டுக்கே கூட்டிப் போய் விளக்கியிருக்கிறான். டிரஸர் என்ன சொன்னார் தெரியுமா, நான் சந்தேகம்னுதானேப்பா சொன்னேன், பயப்படச் சொன்னேனா என்றாராம். இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் தமயந்தி பெரிய ஆராய்ச்சி செய்யுது, எனக்கு மொதல்லயே தெரியும் என்கிறாராம். நான் அவரைப் பார்க்கப் போகவில்லை, போனால் அவருக்கு மாத்திரை தேவைப்படும்.

குணாளன் கிளம்பும்போது, அவங்க திரும்பி வருவாங்களா அத்தை என்று கேட்டான். வந்தா பேசுவோம், வரலேன்னா அதையும் சொல்லிடுங்க, நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன் என்றான். பேச்சு நன்றாகத்தான் பேசுகிறான், தலையில் எண்ணெய்தான் அதிகம். அவன் கேள்விக்குப் பதில் தேடி உன் கடிதத்தை எல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். எந்த மண்டலம் எத்தனை தூரத்தில் இருக்கிறது, எது நம்மை விட்டு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய், நீ எப்போது வருவாய் என்று மட்டும் எங்கேயும் இல்லை. தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று எழுதுவாய், தீபாவளி வந்து போகும், பிறகு மேகம் இல்லாத மாதம் இதுதான் அம்மா, இப்போது வர முடியாது என்று எழுதுவாய்.

அவன் போன பிறகு, இனிமேலாவது சாப்பிடு, பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டதே என்று அப்பாவுக்குச் சோறு போட்டேன். பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். நோவுன்னு நெனச்சப்ப அழுதேன்தான் பஞ்சாலை, ஆனா அதனாலதான் புள்ள வரலன்னு ஒரு பக்கம் ஆறுதலா இருந்துச்சு, இப்ப என்னன்னு சொல்லிக்கிறது என்றார். இந்த வீட்டில் யார் எது சொன்னாலும் நான் ஏதாவது திருப்பிச் சொல்லுவேன், உனக்குத் தெரியும். அன்றைக்கு எழுந்து போய் இந்தக் கடிதத்துக்குத் தாள் எடுத்து வைத்தேன்.

ஆகையால் மகளே, வருவாய் என்றால் வருவேன் என்று எழுது. அங்கேயே இருக்கப் போகிறாய் என்றால் அதையும் எழுது. இரண்டில் எதுவானாலும் நான் தாங்குவேன், அப்பாவைத் தேற்றுவது என் பாடு, ரெம்பாவுக்குச் சொல்வதும் என் பாடு. நேரத்துக்குச் சாப்பிடு, அந்தக் குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு மலை ஏறாதே. மாரியாத்தா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருப்பாள், நீ நினைத்ததெல்லாம் கண்டுபிடிப்பாய். பதிலை அப்பா பெயருக்குப் போடு, அவரே பிரிக்கட்டும்.

என்றும் உன் அம்மா,
ச. பஞ்சாலை