சென்றியில் இழுத்த மருந்து

ஜூன் 5, திங்கள்

கச்சான் காற்று. ஆறரை மணிக்கே சேட்டு முதுகில் ஒட்டிக்கொண்டது.

செய்ய வேண்டியவை: சைக்கிள் பின்ரயருக்குக் காற்று. மண்ணெண்ணெய் இரண்டு போத்தல். என் மனிசி புவனாவின் மூக்குக்கண்ணாடிக் கால் ஒட்டுவது. மூன்றாவது கிழமையாய்க் கிடக்கிறது. அவள் வாயைத் திறக்க முன் செய்துவிட்டால் நல்லது.

புது மருந்துக் கருவி வந்து இன்றோடு ஏழு நாள். ஊதா நிறம், வட்டம், பெண்கள் வைத்திருக்கும் பவுடர் டப்பா மாதிரி. எனக்குச் சின்ன வயதில் இருந்தே தொய்வு, மூச்சிரைப்பு. அது போதாதென்று இருபத்திரண்டு வருசம் சிகரெட், துறைமுகத்தில் சீமெந்துத் தூசி. நெஞ்சு இரண்டு வழியாலும் பழுது என்றார் டொக்டர். கருவிக்குள் இரண்டு மருந்து கலந்திருக்கிறதாம். ஒன்று மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்குமாம், மற்றது குழாயை விரித்து வைக்குமாம். காலை ஒருதரம், இரவு ஒருதரம். பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். நல்ல மருந்துதான். படி ஏறி இளைக்கவில்லை.

சமாதானம் என்று நாலு வருசம் கழற்றி வைத்த சோதனைச் சென்றியெல்லாம் சித்திரைக்குப் பிறகு திரும்ப முளைத்துவிட்டது. அன்புவழிபுரத்தில் இருந்து துறைமுகம் போக, சந்தியில் ஆமிச் சென்றி, துறைமுக வாசலில் கடற்படை. பின்னேரம் திரும்பும்போது சந்தியில் மறுபடி. பை, சாப்பாட்டுப் பெட்டி, குடை, கருவி. கருவியைத் திறந்து, விசையைத் தள்ளி, ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன். மூன்று இடத்திலும், கருவி வந்த நாள் முதல் இப்படித்தான். விளங்கப்படுத்த என் சிங்களம் காணாது. செய்து காட்டினால் எந்தப் பாசைக்காரனுக்கும் விளங்கும். விசையைத் தள்ளினால் மருந்து இறங்கிவிடும், மூடினால் வீண். ஆகவே இழுத்துத்தான் ஆக வேண்டும். துப்புவது? துவக்கோடு நிற்கிறவனுக்கு முன்னால் யார் துப்புவது! விழுங்கிவிட்டேன்.

ஜூன் 6, செவ்வாய்

கப்பலில் இருந்து சீமெந்து இறங்குகிறது. மூட்டையை எண்ணிப் பதிவதுதான் என் வேலை. இருபத்தாறு வருசமாய் அதுதான். இன்று நான் எழுதிய ஏழு எல்லாம் ஒன்று மாதிரிக் கிடக்கிறது. கை நடுங்குகிறது.

தேநீர்க் கோப்பையைப் பிடித்தேன், பாதி காற்சட்டையில். கிரேன் ஓட்டுகிற நசீர் பார்த்துவிட்டான். கிண்ணியாக்காரன், பதினைந்து வருசப் பழக்கம்.

"என்ன அண்ணன், கை இப்பிடி ஆடுது?"

"ஒண்டுமில்லை. நித்திரை இல்லை."

"ஆருக்குத்தான் நித்திரை இருக்கு இப்ப."

அவன் சொன்னதும் சரி. ஆனால் அவன் கை ஆடவில்லையே. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இரண்டு பிள்ளைகளையும் தோளில் வைத்துக்கொண்டு காட்டுக்குள்ளால் நடந்தவன் நான். அப்போது நடுங்காத கை இப்போது ஏன்? ஐம்பத்து மூன்று வயதில் கோழையாகிவிட்டேனா? எழுதவே வெட்கமாயிருக்கிறது. சென்றி தெரிகிற இடத்தில், சைக்கிளில் இருந்து இறங்க முன்னமே நெஞ்சு குதிரை மாதிரி ஓடுகிறது.

ரயருக்குக் காற்று அடித்தாயிற்று.

ஜூன் 7, புதன்

காலையில் குடாவுக்கு அங்கால், இயக்கத்தின் கையில் இருக்கிற சம்பூர்ப் பக்கம் இரண்டு தரம் பெரிய சத்தம். குசினி யன்னல் அதிர்ந்தது. நாய்கள் குரைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

விடியப்புறம் கெண்டைக்கால் குறண்டி இழுத்தது. எழும்பி நிலத்தில் காலை ஊன்றி நின்றேன். தொண்டையும் கட்டிவிட்டது. புவனா குசினியில் இருந்து:

"இஞ்சாருங்கோ, வாயைத் திறவுங்கோ பாப்பம். நாக்கிலை என்ன, தயிர் ஒட்டினமாதிரி வெள்ளை?"

"தயிர்தான்."

"வீட்டிலை தயிர் கண்டு எத்தினை நாள்? பொய் சொல்லுறதெண்டாலும் வடிவாச் சொல்லுங்கோ."

தொண்டை கட்டினதால் வாசலில் பெயர் சொல்ல மூன்று தரம் வேண்டியிருந்தது. ஒவ்வொரு தரமும் கடற்படைக்காரன் என் முகத்தை அடையாள அட்டையோடு ஒப்பிட்டான். கை ஆடியது. அவன் கையையும் பார்த்தான். கருவியை எடுத்து இழுத்துக் காட்டினேன், நோயாளி என்று விளங்கட்டுமே என்று.

ஜூன் 8, வியாழன்

பயந்தது நடந்துவிட்டது.

வாசலில் மறித்து உள்ளே கூட்டிப் போனார்கள். சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, விசிறி இல்லை. தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர். குரல் உயர்த்தவில்லை. மரியாதையாய்த்தான் கேட்டார்.

"ஏன் கை நடுங்குது?"

"தொய்வு வருத்தக்காரன் ஐயா."

"மூச்சு வருத்தத்துக்குக் கை நடுங்குமா?"

எனக்கு எப்படித் தெரியும்? கருவியை எடுத்தேன். அவர் முன்னால் ஒருதரம் இழுத்தேன். பத்து நிமிசத்தில் கை இன்னும் மோசம். மேசைக்குக் கீழே ஒளித்துவைத்தேன். அதைக் கண்டதும் அவர் கண்ணே மாறிவிட்டது. எங்கே இருக்கிறாய், யார் வந்து போகிறார்கள், பிள்ளைகள் எங்கே, சம்பூரில் சொந்தம் உண்டா. ஒரு மணித்தியாலம். என் பெயரைத் தனி ஒரு கொப்பியில் எழுதினார். இந்த நாளில் அப்படிப் பெயர் எழுதப்பட்ட ஆட்கள் சிலர் பிறகு வீட்டுக்கு வரவில்லை.

போகும்போது சொன்னார்: "திங்கட்கிழமை துறைமுகப் பாஸ் புதுப்பிக்க வருவீர்கள்தானே. அப்போதும் இப்படி நடுங்கினால் நான் பாஸ் தரமாட்டேன். மற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டி வரும்."

இதை எழுதும்போதும் கை ஆடுகிறது. எழுத்தைப் பார்த்தால் கோழி கிளறின மாதிரி.

ஜூன் 9, வெள்ளி

பு. விடம் சொல்லாமல் இருக்க நினைத்தேன். முகத்தைப் பார்த்தே பிடுங்கிவிட்டாள். அழவில்லை. ஏசினாள்.

"வேலையை விடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்? கஞ்சி குடிச்சாலும் உயிரோடை குடிப்பம்."

"வேலைக்குப் போகாமல் நிண்டால் ஓடிட்டான் எண்டு வீட்டுக்கே வருவாங்கள். விசர்க் கதை கதையாதை!"

கத்தியதில் இருமல். கண்ணாடிக் காலை ஒட்டி மேசையில் வைத்தேன், சமாதானத்துக்கு. எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

நாள் முழுக்க நெஞ்சிடி. மதியம் சாப்பாடு இறங்கவில்லை. மூட்டைக் கணக்கில் ஒரு வரிசையே விட்டுப்போயிற்று, நசீர் பிடித்துத் தந்தான். திங்கட்கிழமை திங்கட்கிழமை என்றே மனம் அடித்துக்கொள்கிறது.

ஜூன் 10, சனி

அரைநாள் வேலை. போகும்போது இரண்டு இடம், வரும்போது ஒன்று, வழக்கம்போல.

மாலை நாலரை. பு. அலுமாரியில் தூசி தட்டினாள். என் பையை எடுத்துக் கருவியைத் துடைத்தாள். பிறகு புதுக் காலோடு கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டு:

"இஞ்சாருங்கோ. இதிலை சின்ன யன்னல் இருக்கு. மூண்டு எண்டு சிவப்பிலை கிடக்கு."

"தொழிற்சாலை நம்பராயிருக்கும்."

"எனக்கு வாசிக்கத் தெரியும். போன கிழமை ஐம்பது சொச்சம் கிடந்தது. நான் கண்டனான்."

பெட்டியையும் கடதாசியையும் தேடி எடுத்தாள். அறுபது தரம் இழுக்கலாம், எத்தனை மிச்சம் என்று யன்னலில் தெரியும் என்று போட்டிருக்கிறது. நாளுக்கு இரண்டு என்றால் ஒரு மாதம். இது பன்னிரண்டாம் நாள். மிச்சம் மூன்று.

இருபத்தாறு வருசமாய் ஊரான் மூட்டையை எண்ணுகிறவன், சொந்த மூச்சை எண்ணவில்லை.

"ஆர் இழுத்தது மிச்சத்தை?" என்றாள்.

நான்தான். வேறு யார். ஆனால் காட்டுவதற்காக இழுத்ததெல்லாம் மருந்து எடுத்ததாய் என் மனதில் சேரவே இல்லை. வீட்டில் எடுப்பதுதான் மருந்து. சென்றியில் எடுப்பது அடையாள அட்டை மாதிரி ஒன்று. அட கடவுளே, எவ்வளவு பெரிய மடையன்!

உடனே டொக்டர் வீட்டுக்கு. சைக்கிள் பாரில் பு. இந்த வயதில் பாரில் இருத்திக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. டொக்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நாளுக்கு ஐந்து என்றதும் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிட்டார். நாடி பிடித்தார். நாக்கைப் பார்த்தார். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இருதயப் படம் எடுப்பித்தார். கையில் அந்தக் கடதாசிச் சுருளோடு அவரிடம் திரும்பி வந்தோம்.

"கடவுள் புண்ணியம், இருதயத்துக்குப் பழுதில்லை" என்றார். "மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து கூடினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், கெண்டைக்கால் இழுக்கும். நித்திரையும் வராது. வெள்ளை படர்ந்தது மற்ற மருந்தாலை, வாய் கொப்பளிக்காததாலை. நீங்கள் என்ன எண்டு நினைச்சனீங்கள்?"

பயம் என்று நினைத்தேன் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பு. என் கையைப் பிடித்துக்கொண்டாள், டொக்டர் முன்னால். கல்யாண வீட்டுக்குப் பிறகு வெளியில் என் கையைப் பிடித்தது இன்றைக்குத்தான். நான் அழுதேனா, சிரித்தேனா, தெரியாது. மூக்கு வடிந்தது, லேஞ்சி தந்தாள்.

"இனி இந்தச் சனியனைத் தொடவே மாட்டன்" என்றேன்.

"அதுவும் பிழை" என்று டொக்டர் அதட்டினார். "சட்டெண்டு நிப்பாட்டினால் தொய்வு இரட்டிப்பாய் வரும். இண்டைக்கு இரவு மட்டும் வேண்டாம். நாளைக் காலையிலை இருந்து இரண்டே இரண்டு."

ஜூன் 11, ஞாயிறு

மப்பு வானம். ஒரு துளி மழை இல்லை.

டொக்டர் சொன்னதை மறக்க முன் எழுதுகிறேன். கருவி பல்துலக்கும் தூரிகைக்குப் பக்கத்தில், வீட்டில் இருக்கும். வெளியில் கொண்டுபோகத் தேவையே இல்லை. அது தடுக்கிற மருந்து. திடீரென்று இளைத்தால் அதை இழுக்கக் கூடாது, நான் முன்பிருந்தே வைத்திருக்கும் பழைய நீலக் குழல்தான். அது சேட்டுப் பொக்கற்றில். ஒருநேரம் மறந்தால் அடுத்த நேரம் இரட்டிப்பாய் எடுக்கக் கூடாது. இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடி. கொப்பளி. துப்பு. புதிது வாங்கினால் திறந்த திகதியைப் பின்னால் எழுது. நெஞ்சு நொந்தாலோ நீலக் குழலுக்கும் அடங்காவிட்டாலோ ஆஸ்பத்திரி, யோசிக்காதே. நாக்குக்குத் துளி மருந்து ஐந்து நாள்.

சிங்களத்தில் ஒரு கடிதமும் எழுதி முத்திரை குத்தித் தந்தார். நோயாளி, மருந்து கூடியதால் கை நடுங்கியது, இனிக் கருவியை வெளியில் கொண்டு வரமாட்டார் என்று.

காலை ஒன்று. இரவு ஒன்று. பத்தரைக்குத் தேநீர் குடித்தேன், சிந்தவில்லை. மத்தியானம் சோறு இரண்டு தரம் வாங்கினேன். பின்னேரம் பேப்பரில் என் பெயரை ஐந்து தரம் எழுதிப் பார்த்தேன். ஐந்தும் நேர்.

கோழை இல்லை! மருந்துதான், முழுக்க மருந்துதான். பாட்டு முணுமுணுத்தேன் போலிருக்கிறது, பு. எட்டிப் பார்த்து, "குரல் வந்திட்டுது, கோதாரி இனி நிப்பாட்டேலாது" என்றாள்.

ஜூன் 12, திங்கள்

காற்று இல்லை. கடல் எண்ணெய் மாதிரி.

கடிதத்தை விளங்கப்படுத்தத் துணைக்கு நசீரைச் சந்திக்கு வரச் சொன்னேன். அவன் சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவான். சென்றியில் வழக்கமான பொடியன், இருபது இருபத்தொன்று வயது. பையைக் கொடுத்து, கடிதத்தையும் நீட்டினேன். வாசித்தான். திரும்பவும் வாசித்தான். என்னைப் பார்த்தான். பிறகு நசீரிடம் நீளமாய் ஏதோ சொன்னான். நசீர் முகத்தில் சிரிப்பு வந்தது, பிறகு போய்விட்டது.

"என்ன சொல்றான்?"

"ஒண்டுமில்ல அண்ணன். போவம்."

"சொல்லு நசீர்."

நசீர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "முதல் நாள்தான் இது என்னெண்டு கேட்டவனாம். அடுத்த நாளே அவனுக்குத் தெரியுமாம் மருந்து எண்டு. அதுக்குப் பொறகு அவனோ மத்தவனோ ஒருநாளும் கேக்கல்லயாம். பையத் திறக்க முந்தி நீங்களே எடுத்து இழுக்கிறயளாம். ஆமியக் கண்டா இந்த மனிசனுக்கு மூச்சு நிண்டுபோகுது, பாவம் எண்டு பேசாம விட்டவங்களாம்."

பொடியன் கதிரையைக் காட்டி, இருங்கள் என்று கையால் சொன்னான். நான் இருக்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். வாசலிலும் அந்த அறையிலும் யோசித்துப் பார்த்தேன். காட்டு என்று அங்கேயும் யாரும் சொன்னதாய் ஞாபகம் இல்லை. இழு என்று ஒருவருமே சொல்லவில்லை.

அதிகாரி கடிதத்தை வாசித்து, கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். அசையவில்லை. ஆறு மாதத்துக்குப் பாஸ் தந்தார்.

சென்றியில் என்ன சொன்னவங்கள் என்று பு. கேட்டாள். கடிதத்தை வாசித்துவிட்டுப் போகச் சொன்னார்கள் என்றேன்.