மலை விளிம்பில் இருந்த பலகை

பொரி வாசனை வந்தால் நீயும் வந்துவிடுகிறாய், மச்சான். இந்த ஆயுத பூஜைக்கு என் நோட்டையும் சாமி முன்னால் வைத்தேன். எழுபது வயதுக்கு மேல் எனக்கென்று ஒரு நோட்டு! நேற்று அந்தப் பூஜைப் பொரியை மடித்துக்கொண்டு, நாம் போகிற மலைக்குத் தனியாகப் போனேன்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நாம் லோடு ஏற்றிய காலத்திலிருந்தே, பூஜைக்கு மறுநாள் அந்த மலைதான். சத்தியவேடு பஸ். அப்புறம் வடக்கே முள்ளும் கல்லுமாக இரண்டு மணி நேர நடை. உச்சியில் தெலுங்கிலும் தமிழிலும் எழுதிய பலகை. முதல் தடவை அங்கே நின்றுவிட்டேன்.

"இன்னா மச்சான் போட்டுக்கீது?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாய். "குந்திகினு ஆத்தப் பாருன்னு போட்டுக்கிறான். வாய்யா, பயந்தாங்கொள்ளி!"

பலகையைத் தாண்டிப் போய், விளிம்பில் காலைத் தொங்கவிட்டுப் பொரி தின்றோம். அடியில் பள்ளத்தாக்கு. ஆறு பாறைகளுக்கு நடுவே பிரிந்து, மறுபடி சேர்ந்து ஓடியது. நீ போய்ச் சேரும் வரை வருடா வருடம் அதே இடம்.

நேற்று அந்தப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

'ஆபத்து. பாறை சரியும். தாண்டிப் போகாதீர்.'

விரல் வைத்து இன்னொரு தடவை படித்தேன். அதேதான். பலகை அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கும் படிக்கத் தெரியாதா, மச்சான்?

ஆலை நோட்டீஸை நீ நாலு பேரிடம் வம்பு பேசிவிட்டு வந்துதான் எனக்குச் சொல்வாய். பஸ் வந்தால் போர்டைப் பார்க்க மாட்டாய், கண்டக்டரிடம் கத்துவாய். போன பூஜைக்கு அப்புறம் முதியோர் வகுப்பு வந்தபோது, "தெரிஞ்சவன் போய் குந்துனா சிரிப்பாங்க, நீ போ" என்றாய். ஆனால் தினமும் என்னோடு வந்து, வகுப்பு முடியும் வரை ஜன்னலுக்கு வெளியே நின்றாய். துணைக்கு நிற்கிறாய் என்று நினைத்தேனே. கரும்பலகையை அல்லவா பார்த்துக்கொண்டு நின்றாய்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்திருப்பேன்.

அப்படியே உட்கார்ந்திருந்தபோது ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஏறி வந்தார்கள். ஒடிசாக்காரர்கள், நம் பக்கத்துக் கம்பெனியில் வேலை. அவன் பலகையைக் காட்டி, "தாத்தா, என்ன எழுதி?" என்றான். ஒரு கால் ஏற்கெனவே பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

என் நாக்கில் முதலில் வந்தது நீ சொன்ன வாசகம்தான். விழுங்கிக்கொண்டேன்.

"டேஞ்சர்! போவாதப்பா, கல்லு சரியும்."

அந்தப் பெண் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் இன்னொருவருக்குப் படித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து ஆறு தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டே பொரி தின்றோம். உன் பங்கை அவர்களுக்குக் கொடுத்தேன்.

கோபம் வருமென்று பார்த்தேன். வரவில்லை. நீ சரியாகப் படித்திருந்தால் நான் அந்த ஆற்றைப் பார்த்தே இருக்க மாட்டேன். கண்ணை மூடினால் இப்போதும் அது அடியில் ஓடுகிறது. பக்கத்தில் உன் கால் ஆடிக்கொண்டிருக்கிறது.